தீபாவளி அட்வான்ஸில் போன் வாங்கும் முன்: மலையகத்துக்கான முழு வழிகாட்டி

தோட்டத்தில் முற்பணமாகத் தரும் தீபாவளி அட்வான்ஸ் கைக்கு வரும் கிழமையில், ஹட்டனில் நான் போன் திருத்தும் மேசைக்கு முன்னால் நிற்கிறவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "தம்பி, இது இனி சரிவராதா? புதுசு ஒன்னு வாங்கிடவா?" கையில் இருப்பது மூன்று, நான்கு வருடப் போன். திறந்து பார்த்தால் பலருடைய போனில் போர்டு நன்றாகவே இருக்கும். பெட்டரி தேய்ந்திருக்கும், அல்லது ஸ்டோரேஜ் நிரம்பி வழியும். சில போன்கள் உண்மையிலேயே முடிந்துபோனவை. எது எந்த வகை என்று தெரியாமல் 40, 50 ஆயிரத்தைக் கொட்டிவிட்டு, அடுத்த தீபாவளிக்கு அதே குறையோடு திரும்பி வருகிறவர்களைப் பார்க்க மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு போனுக்குள் ஏழெட்டுச் சாமான்கள் இருக்கின்றன: சிப், ஸ்டோரேஜ், பெட்டரி, திரை, கமரா, சிக்னல் பிடிக்கும் மோடம், மேலே ஓடும் மென்பொருள். ஒவ்வொன்றும் வேறு வேகத்தில் முன்னேறுகிறது, வேறு வேகத்தில் வயதாகிறது. கடைக்காரர் "இது புது ஜெனரேஷன்" என்றால் இவை எல்லாமே புதிதாகிவிட்டன என்று அர்த்தம் இல்லை. ஒன்று மட்டும் மாறியிருக்கலாம். அந்த ஒன்று உங்களுக்குத் தேவையே இல்லாததாகவும் இருக்கலாம்.

முதல் படி: கையில் இருக்கிற போனைச் சோதியுங்கள்

பெட்டரியில் இருந்து தொடங்குங்கள். லித்தியம் அயன் பெட்டரி ஒவ்வொரு முழுச் சார்ஜுக்கும் கொஞ்சம் தேயும். இரண்டு தடவை பாதி பாதியாக ஏற்றினால் அது ஒரு முழுச் சுற்று. 500 சுற்று ஓடிய பிறகும் 80 வீதம் கொள்ளளவு மிஞ்ச வேண்டும் என்பது நெடுங்காலமாக இருந்த பொதுக் கணக்கு. ஐபோன் 14 வரை அப்பிளும் அதையே சொன்னது, ஐபோன் 15இல் இருந்து 1,000 சுற்று என்றது. ஐரோப்பிய ஒன்றியம் தன் சந்தைக்கு வரும் போன்களுக்கு 800 சுற்றை 2025 ஜூன் 20 முதல் கட்டாயமாக்கிவிட்டது. ஆனால் நம்மிடம் இருப்பதில் பெரும்பாலானவை பழைய கணக்குப் போன்கள். தினம் ஒரு தடவை சார்ஜ் போட்டால் ஒன்றரை வருடத்திலேயே 500 சுற்று ஓடிவிடும்.

மலைநாட்டில் இதோடு குளிரும் சேர்கிறது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் அங்கே புல்லில் உறைபனி பிடிக்கும். குளிரில் பெட்டரிக்குள் நடக்கும் இரசாயன வேலை மந்தமாகி, உள்தடை கூடும். புதுப் பெட்டரி அதைத் தாங்கிக்கொள்ளும். தேய்ந்த பெட்டரியோ 30 வீதம் காட்டிக்கொண்டே பொட்டென்று அணைந்துவிடும். வீட்டுக்குள் வந்து சூடானதும் மறுபடி உயிர் வரும். "போர்டு போயிடுச்சு" என்று இதை எடுத்து வருகிறவர்கள் அதிகம். பெட்டரியை மாற்றினால் தீர்ந்துவிடும். அதுவரைக்கும் போனை ஸ்வெட்டருக்கு உள்ளே, உடம்புச் சூட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

போன் மெதுவாக ஓடுவதற்கும் பெட்டரி காரணமாகலாம். பெட்டரி தேய்ந்த ஐபோன்கள் திடீரென அணையாமல் இருக்க அவற்றின் வேகத்தைக் குறைப்பதாக அப்பிள் 2017 டிசெம்பரில் ஒப்புக்கொண்டது. புதுப் பெட்டரி போட்டால் பழைய வேகம் திரும்பியது. ஒன்று மட்டும் விளையாட்டில்லை: பெட்டரி வீங்கி, பின்மூடி அல்லது திரை தூக்கினால் அன்றைக்கே நிறுத்துங்கள். சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், வீட்டில் வைத்துக் கத்தியால் கிளப்பாதீர்கள்.

அடுத்தது ஸ்டோரேஜ். இதைப் பலர் நம்பமாட்டார்கள், ஆனால் ஸ்டோரேஜ் நிரம்பினால் முழுப் போனும் நொண்டும். போனுக்குள் இருக்கும் பிளாஷ் சிப்பில் பழைய எழுத்தின் மேலேயே புதிதை எழுத முடியாது. ஒரு பகுதியை முழுதாக அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். காலி இடம் இருந்தால் அந்த வேலையைப் பின்னணியில் சத்தமில்லாமல் செய்யும். இடம் இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் உங்களைக் காக்கவைத்துத்தான் செய்யும். ஐந்தில் ஒரு பங்காவது காலியாக வைத்திருங்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போனால் எந்தக் குரூப் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். காலை வணக்கப் படங்களும் கல்யாண வீடியோக்களும் 20 ஜிபி பிடித்திருந்த போன்களைப் பார்த்திருக்கிறேன்.

சார்ஜ் ஏறாவிட்டால் முதலில் சார்ஜ் துளையைப் பாருங்கள். சட்டைப் பைப் பஞ்சும் தேயிலைத் தூளும் உள்ளே இறுகி, வயர் முழுதாக உட்காராது. போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெதுவாகக் கிளறுங்கள். ஊசி வேண்டாம்.

போன வருடம் ஒரு கொழுந்து எடுக்கும் அக்கா வந்தார். மகன் உயர்தரம் படிக்கிறான், போன் தொங்கித் தொங்கி நிற்கிறது, புதிதாக வாங்கக் கடன் கேட்டிருக்கிறேன் என்றார். பெட்டரியை மாற்றி, 30 ஜிபி குப்பையைத் துடைத்துக் கொடுத்தேன். அந்தப் பையன் அதிலேயே படித்துப் பரீட்சையும் எழுதிவிட்டான். அந்தக் கடனை அவர் எடுக்கவே இல்லை.

இரண்டாம் படி: சிக்னல் குறை போனுடையதா, மலையுடையதா?

2020, 2021இல் பாடசாலைகள் மூடியிருந்தபோது பிள்ளைகள் சிக்னல் தேடித் தேயிலை மலை உச்சிக்கு ஏறியதை நம்மில் யாரும் மறக்கவில்லை. அப்போதும் பலர் "போன் சரியில்லை" என்று புதுப் போன் வாங்கினார்கள். பள்ளத்தில் இருக்கும் லயத்து வரிசை வீட்டுக்கும் டவருக்கும் நடுவில் ஒரு மலை நின்றால், எத்தனை இலட்சம் கொடுத்த போனும் அந்த மலையைத் துளைக்காது.

அதனால் காசைத் தொடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் சிம்மைப் பக்கத்து வீட்டாரின் போனில் போட்டு, உங்கள் வீட்டில், நீங்கள் வழக்கமாக இருக்கும் அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு வேறு கம்பனி சிம் ஒன்றை உங்கள் போனில் போட்டுப் பாருங்கள். சிம் மாற்றினால் சரியாகிறது என்றால் சில நூறு ரூபாயோடு வேலை முடிந்தது. கோடுகளை நம்பாதீர்கள். அண்ட்ரொய்டில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் பலம் மைனஸ் எண்ணாகத் தெரியும். 4ஜியில் மைனஸ் 90 அளவு நல்லது, மைனஸ் 110 பலவீனம், மைனஸ் 120 என்றால் கோல் விழுவதே கஷ்டம். மைனஸுக்குப் பிறகு வரும் எண் சிறிதாக இருந்தால்தான் நல்லது.

இதற்கும் பெட்டரிக்கும் தொடர்பு இருக்கிறது. டவர் தூரமானால் போன் தன் குரலை உயர்த்திக் கத்த வேண்டும், அதாவது கூடுதல் சக்தியில் அலையை அனுப்ப வேண்டும். ஒரே போன் கொழும்பில் ஒன்றரை நாள் தாங்கி, தோட்டத்துக்கு வந்ததும் பின்னேரத்துக்குள் இறங்கிவிடுவது இதனால்தான். சிக்னலே இல்லாத மலையில் வேலை செய்யும்போது பிளைட் மோடில் போட்டு வையுங்கள். பின்னேரம் போனில் உயிர் இருக்கும்.

இனிப் புதுப் போனில் என்ன பார்ப்பது என்று சொல்கிறேன். நம் நாட்டில் 4ஜிக்குப் பயன்படும் அலைவரிசைகளில் இரண்டு முக்கியமானவை: 1800 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 3. அடுத்தது 900 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 8. அலைவரிசை குறையக் குறைய அலை தூரம் போகும், மலை விளிம்பில் கொஞ்சம் வளைந்து இறங்கும், சுவரையும் தாண்டும். அதனால் நமக்குப் பேண்ட் 8 பெரிய உதவி. இந்த நாட்டுச் சந்தைக்கென்று வந்த போன்களில் இரண்டும் இருக்கும். வெளிநாட்டில் வேறு சந்தைக்கென்று செய்தவற்றில் ஒன்று விடுபட்டிருக்கலாம். மாடல் எண்ணை வைத்துத் தேடிப் பாருங்கள். அதோடு 4ஜியிலேயே கோல் பேசும் வோல்டிஇ வசதி உங்கள் சிம் கம்பனியில் அந்த மாடலுக்கு வேலை செய்கிறதா என்றும் கேளுங்கள். இல்லாவிட்டால் கோல் வரும் ஒவ்வொரு தடவையும் போன் பழைய நெட்வொர்க்குக்கு இறங்கிவிடும்.

வளைகுடாவில் இருந்து வரும் போன்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 2025இல் வந்த ஐபோன் 17 சவூதி, குவைத், கட்டார், ஓமான், ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளில் சிம் தட்டு இல்லாமலே விற்கப்படுகிறது. போனுக்குள்ளேயே பதிந்திருக்கும், கழற்ற முடியாத இசிம் மட்டும்தான். இங்கே இசிம் எடுக்கலாம். ஆனால் மலையில் கவரேஜ் இல்லாதபோது அடுத்தவர் சிம்மைக் கழற்றிப் போட்டுப் பேசும் நம் பழக்கம் அதில் நடக்காது.

5ஜிக்குக் கூடக் காசு கொடுப்பதா? உங்கள் டவரில் இன்று 5ஜி இல்லாவிட்டாலும், ஐந்து வருடம் வைத்திருக்கப் போகிறவர் என்றால் கொடுக்கலாம். இரண்டு வருடத்தில் மாற்றுகிறவர் அந்தக் காசைக் கூடுதல் ஸ்டோரேஜுக்குக் கொடுங்கள்.

மூன்றாம் படி: ஜெனரேஷன் கணக்கைப் படிக்கப் பழகுங்கள்

சிப்பில் நானோமீட்டர் என்று ஓர் எண் சொல்வார்கள். அதை அங்குலம் மாதிரி நேரான அளவாக எடுக்கக் கூடாது, உற்பத்தித் தலைமுறையின் பெயர் அது. ஆனாலும் எண் குறையக் குறைய அதே வேலைக்குச் செலவாகும் மின்சாரமும் சூடும் பொதுவாகக் குறையும். நாம் வாங்கும் விலைப் போன்களில் அடிக்கடி வரும் சிப் ஒன்றை எடுப்போம். மீடியாடெக் ஹீலியோ ஜி85 என்பது 2020இல் வந்த 12 நானோமீட்டர் சிப். 2022இல் வந்த ஜி99 என்பது 6 நானோமீட்டர், உள்ளே இருக்கும் பெரிய கோர்களும், அதாவது சிப்பின் கணக்குப் போடும் பகுதிகளும், அடுத்த தலைமுறை. இது உண்மையான தாவல், கையில் பிடித்தாலே தெரியும். பிறகு 2024இல் ஜி100 வந்தது. பெயரைப் பார்த்தால் இன்னொரு தாவல் போல இருக்கும். ஆனால் அதே 6 நானோமீட்டர், அதே கோர் அமைப்பு, கமராப் பக்கத்தில்தான் மாற்றம். ஜி99 வைத்திருப்பவர் வேகத்துக்காக ஜி100 வாங்கினால் காசு போனதுதான் மிச்சம்.

விலை கூடிய போன்களிலும் இது நடக்கும். 2021இல் வந்த ஐபோன் 13இலும் 2022இல் வந்த ஐபோன் 14இலும் இருப்பது ஏ15 சிப்தான். 14இல் கிராபிக்ஸ் கோர் ஒன்று மட்டும் கூட. என் அனுபவத்தில், ஒரே விலை மட்டத்தில் மூன்று தலைமுறை தாண்டினால்தான் சாதாரணப் பாவனையில் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது.

சிப்பை விட நான் அதிகம் பார்ப்பது ஸ்டோரேஜ் வகையை. விளம்பரத்தில் 128 ஜிபி என்று மட்டும் போடுவார்கள். அது இஎம்எம்சியா, யுஎஃப்எஸ்ஸா என்று கேளுங்கள். இஎம்எம்சி ஒரு நேரத்தில் ஒன்று வாசிக்கும், அல்லது எழுதும். யுஎஃப்எஸ் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யும். ஒற்றைத் தண்டவாளத்துக்கும் இரட்டைத் தண்டவாளத்துக்கும் உள்ள வித்தியாசம் என்று வையுங்கள். ரம்புக்கனைக்கு மேலே பதுளை வரைக்கும் ஒற்றைப் பாதை, எதிர் ரயிலுக்காக ஸ்டேஷனில் காத்துக் கிடந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முதல் மாதத்தில் இரண்டு போனும் ஒரே மாதிரித்தான் ஓடும். மூன்றாம் வருடத்தில் இஎம்எம்சிப் போன்தான் முதலில் என் மேசைக்கு வரும்.

திறந்திருக்கும் அப்களைத் தாங்கும் ராம் விஷயத்தில் 8 கூட்டல் 8, மொத்தம் 16 ஜிபி என்று பெட்டியில் போட்டிருந்தால் முதல் எட்டை மட்டும் எண்ணுங்கள். இரண்டாவது எட்டு ஸ்டோரேஜில் இருந்து கடன் வாங்கிய இடம், வேகத்தில் ராமுக்குப் பக்கத்திலும் வராது. இன்றைக்கு வாங்குவதென்றால் உண்மையான ராம் 6 ஜிபிக்குக் கீழே போக வேண்டாம்.

பெட்டரிக் கொள்ளளவு பல வருடம் 4,000, 5,000 மில்லிஅம்பியர் மணியில்தான் நின்றது. அண்மைக் காலத்தில் சிலிக்கன் கார்பன் வகை வந்த பிறகு அதே தடிப்பில் 6,000, 7,000 அடைக்கிறார்கள். சிக்னல் தேடியே பெட்டரி இறங்கும் நமக்கு இந்தத் தலைமுறை மாற்றம் உண்மையில் பயன்படும். கமராவையோ திரை நொடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கும் என்ற ஹெர்ட்ஸையோ விட இதற்குக் காசு கொடுங்கள் என்பேன்.

கமராவில் மெகாபிக்சல் எண்ணை விடுங்கள். 50 என்று சொல்லும் போன் வழக்கமாகப் பக்கத்துப் பிக்சல்களைச் சேர்த்து 12 ஆகத்தான் படத்தைக் கொடுக்கும். மூடுபனியிலும் லயத்து மங்கல் வெளிச்சத்திலும் படம் நன்றாக வர சென்சார் பெரிதாக இருக்க வேண்டும், கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஓஐஎஸ் இருக்க வேண்டும். பின்னால் ஒட்டியிருக்கும் 2 மெகாபிக்சல் மெக்ரோ கமரா எண்ணிக்கைக்கு மட்டும்.

திரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓலெட் அழகு, வெயிலிலும் தெரியும். ஆனால் விழுந்து உடைந்தால் மாற்றும் செலவு எல்சிடியை விட நிறையக் கூட. மலையில் வேலை செய்கிறவருக்கு எல்சிடியும் நல்ல உறையும் போதும்.

தண்ணீர்ப் பாதுகாப்பு நம் ஊரில் ஆடம்பரம் கிடையாது. ஐபி54 என்றால் தூறல் தெறிப்புக்கு. ஐபி67 என்றால் ஒரு மீட்டர் நல்ல தண்ணீரில் 30 நிமிடம். அந்த ரப்பர் ஓரங்களும் பசையும் வருடம் போகப் போக இறுகிப் பிடி விட்டுவிடும். ஒருமுறை திறந்து திருத்திய போனுக்குப் புதுப் பசை போடாவிட்டால் அந்தக் கணக்கே செல்லாது. மழையில் நனைந்தால் உடனே அணையுங்கள், சார்ஜ் போடாதீர்கள், காற்றோட்டத்தில் வையுங்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள். அரிசித் துகள் போனைப் பழுதாக்கும் என்று அப்பிளும் 2024இல் சொல்லிவிட்டது. அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுக் காயவைப்பதும் வேண்டாம்.

நான்காம் படி: அப்டேட் எப்போது முடிகிறது?

ஹார்ட்வேர் நன்றாக இருந்தும் போனைக் கைவிட வைப்பது இதுதான். கூகுள் 2023இல் பிக்சல் 8க்கும், சாம்சுங் 2024இல் கெலக்ஸி எஸ்24க்கும் ஏழு வருட அப்டேட் அறிவித்தன. குறைந்த விலையில் கெலக்ஸி ஏ16 5ஜிக்கு ஆறு வருடம். எந்த அப்டேட்டும் வராத மாடல்கள் இன்றும் அதே விலைக்குப் பக்கத்துத் தட்டிலேயே இருக்கும்.

பலர் தவறவிடுவது ஒன்று உண்டு: அந்த வருடக் கணக்கு மாடல் வெளிவந்த நாளில் இருந்து ஓடும், நீங்கள் வாங்கிய நாளில் இருந்து ஓடாது. இரண்டு வருடப் பழைய மாடலை "ஒஃபர்" என்று வாங்கினால் இரண்டு வருடத்தை ஏற்கனவே யாரோ தின்றுவிட்டார்கள். வாட்ஸ்அப் 2025 தொடக்கத்தில் அண்ட்ரொய்டு 5க்குக் கீழே இருந்த போன்களைக் கைவிட்டது. வங்கி அப்கள் அதைவிட அவசரமாகக் கைவிடும். சவூதியில் இருக்கும் அம்மா அனுப்பும் பணத்தைப் பார்ப்பது அந்த அப்பில்தான் என்றால், செட்டிங்ஸில் செக்யூரிட்டி அப்டேட் திகதியைப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் பழசாக இருந்தால் அந்தப் போனைப் பணவேலையில் இருந்து விலக்குங்கள். போனை மாற்றச் சரியான காரணம் இதுதான்.

ஐந்தாம் படி: பேர் கணக்குப் போடுங்கள்

2022 மார்ச்சில் டொலர் 200 ரூபாயில் இருந்து பாய்ந்தபோது போன் விலையும் கூடவே பாய்ந்தது. விலை ரூபாயில் எத்தனை என்பதை விட, எத்தனை முழுப்பேர், அதாவது எத்தனை நாள் முழுச் சம்பளம், என்று பாருங்கள். 2024 செப்டெம்பரில் அறிவித்த 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 54,000 ரூபாய்ப் போன் 40 பேர். அது இரண்டு வருடத்தில் அப்டேட் முடிந்து நொண்டினால் வருடத்துக்கு 20 பேர். 81,000 ரூபாய்ப் போன் 60 பேர். அது ஐந்து வருடம் ஓடி, நடுவில் ஒரு பெட்டரிக்கு 5 பேர் செலவானாலும் மொத்தம் 65, வருடத்துக்கு 13. விலை கூடியதுதான் மலிவு. ஆனால் 60 பேரைக் கடன் வட்டிக்கு எடுத்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும். கையில் 40 பேர்தான் இருக்கிறதென்றால் ஏழு வருட அப்டேட் அறிவித்த மாடலைச் செகண்ட் ஹேண்டில் தேடி, பெட்டரியை மாற்றிக்கொள்ளுங்கள். நான் என் தங்கைக்குச் செய்ததும் அதுதான்.

ஆறாம் படி: கடையில் காசு கொடுக்கும் முன்

*#06# என்று அடித்தால் போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். பெட்டியில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். பிறகு ஆங்கிலத்தில் ஐஎம்இஐ என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கங்களையும் அடித்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பதில் வரும். 2025 ஜனவரி இறுதியில் இருந்து பதிவில்லாத புதுப் போன்களுக்கு இங்குள்ள நெட்வொர்க்கில் இடமில்லை என்று ஆணைக்குழு அறிவித்திருக்கிறது. "அதெல்லாம் பிரச்சினை இல்ல" என்று கடையில் சொன்னால், அதையே பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றால் பழைய சொந்தக்காரரின் கூகுள் அல்லது அப்பிள் கணக்கு நீங்கியிருக்க வேண்டும். உங்கள் முன்னாலேயே ரீசெட் போட்டு, திரும்ப எழும்பும்வரை நின்று பாருங்கள். பழைய பாஸ்வேர்ட் கேட்டால் கைவிட்டு வாருங்கள். வாரன்டி ஏஜென்ட் வாரன்டியா, கடை வாரன்டியா என்றும் கேளுங்கள்.

கடைசிப் படி: பழையதை என்ன செய்வது?

புதுப் போன் வந்ததும் பழையதை வீட்டில் வேறு யாருக்கோ கொடுப்பீர்கள். முதலில் படங்களையும் தொடர்பு எண்களையும் மாற்றுங்கள், வாட்ஸ்அப் பெக்கப் எடுங்கள், பிறகு கணக்கில் இருந்து வெளியேறுங்கள், அதற்குப் பிறகுதான் ரீசெட். இந்த வரிசை மாறினால் அம்மாவின் கையில் பூட்டிய போன்தான் இருக்கும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி தொடங்கியதும் சார்ஜரைச் சுவரில் இருந்து கழற்றச் சொல்லிக் கொடுங்கள். மாற்றிய பழைய பெட்டரியைத் தேயிலைக் கானிலும் போடாதீர்கள், அடுப்பிலும் போடாதீர்கள். திருத்திய கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். என் மேசைக்குக் கீழே அதற்கென்று மணல் போட்ட ஒரு தகர வாளி இருக்கிறது.